என் வீட்டுக்காரருக்குப் பிடிச்ச படம்

பொம்மைப் படம்னா சின்னப் பிள்ளைங்க பாக்குறதுன்னுதான் மேடம் நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க அந்த சீரியலப் பாத்திருக்கீங்களா? பாக்கலன்னா பரவால்ல. பாத்தவங்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க.

எம் பேரு பவளம். தேயில எஸ்டேட் லயன் வீட்டுலதான் பொறந்தேன், அங்கயே கொழுந்து வெட்டுறேன். வீட்டுக்காரரு நாகப்பனுக்கும் அதே வேலதான். பிள்ளைங்க இல்ல. பிரிஞ்சாங் பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, படம் வர்ற பாக்ஸ் ஒண்ணு வாங்கியாந்து டிவில மாட்டினாரு, குஸ்தி பாக்குறதுக்கு. அவரு கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் நான் எதையோ அமுக்கப் போயி இது வந்துச்சு. கீழ மலாய்ல எழுத்து ஓடும். எனக்குப் படிக்கத் தெரியும்.

கதைய எப்படிச் சொல்றது. ஒரு கப்பல் ஆகாசத்துல போவுது. இரும்புக் கப்பல் இல்ல. மாட்டு வயிறு மாதிரி உயிரோட இருக்கு, சுவரெல்லாம் வேர்க்குது. உள்ள இருக்கறவங்க மொகத்தக் கழட்டி, துணி காயப் போடற மாதிரி கொடியில போடறாங்க. ரத்தம் வரும், ஒட்டுத் துணியில்லாம நிப்பாங்க, பெரியவங்க பாக்குற படந்தான். அதுல ஒரு பொம்பள. கேப்டனுக்குச் சத்தம் ஆகாதுன்னு பொழுது சாஞ்சா வாயக் கழட்டிக் கழுவி அலமாரியில கவுத்து வச்சிடுவா. காலையில எடுத்து மாட்டிக்குவா. அந்த இடத்துல நான் அழுதுட்டேன் மேடம். என்னத் தெரிஞ்ச யாரோ எங்கயோ ஒக்காந்து வரைஞ்சிருக்காங்கன்னு நெனச்சேன்.

மலையில பால் இல்லாத தே ஓ குடிக்கிற நேரத்துல நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். லயனே பாக்க ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்து வீட்டு மணியம்மா அக்கா, "பேய் புடிச்சவன் எடுத்த படம் லா இது, சாமி மேட இருக்குற வீட்டுல போடாத"ன்னாங்க. டூரிஸ்ட் கடையில தேத்தூள் விக்கிற சசிரேகா, "அக்கா, இந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல, சோறு எறங்கல"ன்னா. பாதிப் பேரு த்தூன்னாங்க, பாதிப் பேரு ஆகான்னாங்க. வேலையில கொழுந்து வெட்டுற கத்தரியக் கையில புடிச்சிக்கிட்டே சண்டை. அந்தக் கப்பல் நெசமா கனவாங்கறதுக்கே ரெண்டு பேரு பேச்சு வார்த்தைய விட்டுட்டாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. எனக்கு ஒரே ஒருத்தரோட அபிப்பிராயந்தான் வேணும்.

அவரு ஒரு தடவ நின்னு பாத்தாரு. அந்தப் பொம்பள வாயக் கழட்டுற இடம். சிரிச்சாரு. "ஒனக்கும் இப்படி ஒண்ணு இருந்தா தேவல"ன்னுட்டு குஸ்திக்கு மாத்திட்டாரு. கெட்ட மனுசன்னு சொல்லல. கை நீட்டினதில்ல, குடிச்சிட்டு விழுந்து கெடந்ததில்ல. நான் பேசினா டிவி சத்தத்தக் கூட்டுவாரு, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். நான் ஆக்குற கொழம்பக் கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நானும் கேட்டுக் கேட்டு வெக்கங்கெட்டுப் போனவதான்.

போன மழையில மலையில விழுந்தாரு. கொழுந்து வெட்டுற மெஷின ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சிக்கிட்டு நடக்கணும். ஒரு பக்கம் இவரு. அப்படியே செடி மேல சாஞ்சிட்டாரு. ஸ்ட்ரோக். கை காலு போச்சு, பேச்சு போச்சு, கண்ணு மட்டும் மிஞ்சிச்சு. ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் மிஸ்ஸி, தமிழ்ப் பொண்ணு, அவருகிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. கேள்வி கேட்டா, ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடுவாரு. இல்லன்னா ரெண்டு தடவ.

வீட்டுக்கு வந்த அன்னிக்கே கேட்டேன். "அந்தப் படத்தப் போடவா?" மூடித் தொறந்தாரு. திரும்ப மூடித் தொறந்தாரு. நான் போட்டேன். ரெண்டாவது மூடினத நான் கணக்குல எடுத்துக்கல. படுத்தே கெடக்குற மனுசனுக்கு கண்ணு ஒரு பழக்கத்துல மூடத்தான் செய்யும்.

பாக்க வந்தவங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன். "மொத மூடுறதுதான் பதிலு, அடுத்தது சும்மா நரம்பு துடிக்கிறது." நம்பினாங்க. கட்டின பொண்டாட்டி சொன்னா நம்பாம என்ன செய்வாங்க. மணியம்மா அக்கா குனிஞ்சு, "தம்பி, நெசமாவே ஒனக்கு இது புடிச்சிருக்கா?"ன்னு கேட்டாங்க. அவரு மூடினாரு. "பாத்தீங்களா லா, நாகப்பனே நல்லாருக்குன்னுட்டான், நமக்குத்தான் வெளங்கல போல"ன்னு அவங்களும் ஒக்காந்து பாத்தாங்க. அன்னிக்கு நான் பட்ட சந்தோசத்த ஒங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது மேடம். புருசனும் பொண்டாட்டியும் மொத மொதல்ல ஒரே கட்சி.

அப்புறம் வேலைக்குப் போறப்பவும் போட்டுட்டுத்தான் போவேன். தனியாக் கெடந்தா மனுசனுக்குப் போரடிக்கும். முடிஞ்சா மொதல்லேருந்து தானா ஓடும். மத்தியானம் வந்து, "எதுவரைக்கும் பாத்தீங்க?"ன்னு கேப்பேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டுக் கெடப்பாரு. மூடிக்கிட்டா கத எப்படி வெளங்கும்? அதனால பிளாஸ்டர் போட்டேன். இமையத் தூக்கிப் புருவத்தோட ஒட்டிடறது. தோலு உரியாத நல்ல பிளாஸ்டரா கேட்டுத்தான் வாங்கினேன். கண்ணு காஞ்சிடக் கூடாதுன்னு வேலைக்கு நடுவுல ஓடியாந்து மருந்து ஊத்துவேன். அப்படி வேற யாரு பாத்துக்குவா, சொல்லுங்க. ஆளு வர்ற சத்தம் கேட்டா எடுத்துடுவேன். பாக்குறவங்க தப்பா நெனச்சிடுவாங்க.

மோகனாதான் தப்பா நெனச்சா. அவரு தங்கச்சி. கம்போங் ராஜாவுல இருக்கா, புருசன் காய்கறி லோரி ஓட்டுறாரு. பஸ்ஸ விட்டு எறங்கி உள்ள வந்ததும், "அண்ணி, அண்ணன் அழுவுறாரு"ன்னா. மருந்து ஊத்தினேன், அது வழியுதுன்னேன். அவ என் பக்கமே திரும்பல. "அண்ணே, இந்தப் படம் வேணுமா?"ன்னு கேட்டா. ஒரு தடவ மூடினாரு, திரும்ப மூடினாரு. நரம்புன்னு சொன்னேன். அவ வேற ஒண்ணு கேட்டா. "அண்ணே, என்கூட வந்துடுறீங்களா?"

ஒரு தடவ மூடினாரு மேடம். தொறந்தாரு. அப்புறம் மூடவே இல்ல. தண்ணி கொட்டுது, இமை நடுங்குது, மேட்டுல மூட்டையோட நிக்கறவன் மாதிரி நின்னு புடிக்கிறாரு. மோகனா என்னத் திரும்பிப் பாத்தா. "இப்ப மட்டும் ஏன் நரம்பு துடிக்கல அண்ணி?"ன்னா.

சத்தம் போடல அவ. புருவத்துல ஒட்டியிருந்த பசைய வெரலால தொட்டுப் பாத்தா. "காலையில காய எறக்கிட்டு எங்க வீட்டுக்காரரு வந்ததும் வேன் எடுத்துக்கிட்டு வாறோம். அதுவரைக்கும் அண்ணனத் தொடாதீங்க"ன்னா. அவ கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன். "எனக்கு வேற யாரு இருக்கா மோகனா, பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமேடி"ன்னேன். கைய உருவிக்கிட்டா. மணியம்மா அக்காகிட்ட எட்டிப் பாத்துக்கச் சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டா.

விடிஞ்சா ஒரே பனி. மணியம்மா அக்கா எட்டிப் பாத்துட்டு மலைக்குப் போயிட்டாங்க. நான் போகல. அன்னிக்குத்தான் புது எபிசோடு வந்திருந்துச்சு. "இத ஒண்ணு என்கூடப் பாத்துட்டுப் போங்க"ன்னு கெஞ்சினேன். "நெசமாச் சொல்லுங்க, நல்லாருக்கா இல்லையா? இல்லன்னாலும் ஏத்துக்கறேன்." அது பொய் இல்ல மேடம், அந்த நேரத்துல நான் ஏத்துக்கிட்டு இருந்திருப்பேன். அவரு கண்ண மூடிக்கிட்டாரு. ஒரு தடவையும் இல்ல, ரெண்டு தடவையும் இல்ல. மூடினவரு தொறக்கவே இல்ல. வேன் வந்துடும், அதுவரைக்கும் இவளுக்கு எதுக்குப் பதில் சொல்லணும்னு நெனச்சிட்டாரு போல. டிவி சத்தத்தக் கூட்டுற அந்தப் பழைய ஆளு திரும்ப வந்துட்டாரு.

கஞ்சி ஆக்கி வச்சிருந்தேன். நிமித்தி ஒக்கார வச்சு, கொஞ்சங்கொஞ்சமாத்தான் குடுக்கணும், படுக்க வச்சுக் குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்னு மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்துச்சு. நான் மறக்கல. தலகாணிய உருவிட்டு, படுக்க வச்சுத்தான் குடுத்தேன். கிண்ணம் முழுக்க. அப்பத்தான் கண்ணத் தொறந்தாரு. ரெண்டு ரெண்டு தடவையா மூடி மூடித் தொறந்தாரு, நிறுத்தாம. நான் பக்கத்துல ஒக்காந்து எபிசோடு முடியற வரைக்கும் பாத்தேன். நல்ல எபிசோடு. நடுவுல எங்கயோ அவரு அடங்கிட்டாரு.

இப்ப லயன்ல என்னப் பத்தி ரெண்டு கட்சியாம். படுக்கையில கெடந்த மனுசனப் பாத்துப் பாத்து புத்தி கலங்கிப்போச்சுன்னு பாதிப் பேரு, பேயின்னு பாதிப் பேரு. என் புத்தி நல்லாத்தான் இருக்கு. நான்தான் கொன்னேன். அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். கொடுமப் படுத்தினேன்னு மட்டும் எழுதாதீங்க மேடம். என் புருசன் என்கூட ஒக்காந்து படம் பாத்தாரு. புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லல.