மூன்றாம் நாள் விமானம்

சீரியல் பார்த்தால் மூளை மழுங்கும் என்பார்கள். எனக்கு ஒரு மொழியே வந்தது. கடல் தாண்டி ஒரு நாட்டின் தொடர்களைப் போனில் பார்த்து, கேட்ட வார்த்தைகளை நோட்டில் எழுதி எழுதி, நாலு வருடத்தில் அவர்கள் சண்டை போடுவதுகூட எனக்குப் புரிந்தது.

பதினாலு வயதில் பள்ளியை விட்டேன், ஐயா. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் திரும்பிப் போகலாம் என்றார்கள். அவள் இப்போது சைக்கிள் விடுகிறாள். ஒருமுறை அக்கா என் நோட்டை எடுத்து, வந்தவர்கள் முன்னால் வாசித்துக் காட்டினாள்.

"எங்க ஊமைக்கோட்டான் வேற பாஷையெல்லாம் எழுதுது, கேளுங்க."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அக்காவுக்கு அவள் மேல்கைகள்தான் கவலை. அலுவலகத்தில் எடுத்த படத்தில் அவள் கை, பக்கத்தில் நின்றவளின் தலை அளவு இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதாள். பெரிதாக்கினால் பெரிதாகத்தானே தெரியும். நடக்கலாம், கொஞ்சம் குறைத்துத் தின்னலாம். அதற்கெல்லாம் உடம்பு வணங்காது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆஸ்பத்திரி ஒன்றை, நான் சீரியல் பார்க்கும் அதே நாட்டில் கண்டுபிடித்தாள். இங்கே ஆவதில் பாதிச் செலவு.

"மொழிபெயர்க்கிறவ தனியாக் காசு கேக்கறா. இவளையே கூட்டிட்டுப் போறேன். மூணே நாள்," என்றாள் அத்தானிடம்.

"இவளா? இவ தமிழே பேச மாட்டாளே."

"பேசலேன்னா அங்கேயே விட்டுட்டு வந்துடறேன்."

அறுவை நல்லபடி முடிந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். எங்கள் அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியது உண்டு என்பதால், அக்கா பத்து நாள் விமானம் ஏறக் கூடாது. மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும். கெண்டைக்கால் வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. டிக்கெட்டை மாற்றிவிடுகிறோம் என்றேன். என் உச்சரிப்பு நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். அதுவரை என்னை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"நல்லா முடிஞ்சுதாம்கா. ஆடாம அசையாமப் படுத்திருக்கணுமாம். நினைச்ச மாதிரியே கிளம்பலாமாம்."

"இவ்வளவு நேரம் பேசினாங்க, இவ்வளவுதானா?"

"அவங்க மொழியே அப்படி. இழுத்து இழுத்துப் பேசுவாங்க."

விடுதி அறையில் இரண்டு நாள் அவள் அசையவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். கட்டுக்குள் இருந்த கைகளைக் கண்ணாடியில் பார்த்து, "ஆபீஸ்ல அவ இனிமே என் பக்கத்துல நிக்கட்டும் பார்ப்போம்," என்றாள். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை அந்தத் தலையில்.

மூன்றாம் நாள் விமானத்தில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். நாலாவது மணியில், "கெண்டைக்கால் தெறிக்குதுடி. ஒரு நடை நடந்துட்டு வரவா?" என்று கேட்டாள்.

"கட்டு அவுந்துடும்கா. பேசாம இரு."

இருந்தாள். என் பேச்சை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. பணிப்பெண் குனிந்து, இவருக்கு என்ன என்று அவர்கள் மொழியில் விசாரித்தாள்.

"என்ன கேக்கறா?"

"தண்ணி வேணுமான்னு."

"வேணும்னு சொல்லேன்டி..."

விமானம் என்றாலே பயம், எப்போதும் இப்படித்தான், தூங்கினால் சரியாகிவிடும் என்று பணிப்பெண்ணிடம் சொன்னேன். ஒரு தப்பு இல்லாமல் சொன்னேன். அவள் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள்.

நீங்கள் கேட்பதற்கு என் பதில் ஆமாம்தான். எல்லாம் தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். ஆனால் கடைசியில் அக்கா என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். தரையிறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அவள் கை சில்லிட்டுப்போனது. நான் விடவில்லை, இறங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அயலாளாக இருந்தால் பயந்து உதறியிருப்பாள். நான் கூடப் பிறந்தவள்.