வாட்டம் விட்ட வீடு

உங்கள் ஆஸ்பத்திரியில் தரைக்கு டைல்ஸ் நன்றாக ஒட்டியிருக்கிறார்கள், டாக்டர் அம்மா. வாசலிலிருந்து இந்த அறை வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். இடுக்கெல்லாம் ஒரே அகலம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தட்டிப் பார்த்தேன், ஒரு கல்லும் உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் போடவில்லை. யார் ஒட்டியது என்று போகும்போது விசாரிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாற்றம் நடந்ததா என்று கேட்டீர்கள். அக்காவை அடுத்த அறையில் நாற்காலியில் வைத்துச் சுற்றிப் பரிசோதனை செய்துகொண்டிருக்கும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், மாட்டு டாக்டர் உங்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டார் என்று அர்த்தம். பரவாயில்லை. காது டாக்டரிடம் சொன்னது காதும் காதும் வைத்தாற்போல் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். எல்லாம் ஒரு முயலால் வந்தது.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, எனக்காவது தெரியவில்லை. நான் டைல்ஸ் ஒட்டுகிறேன். அக்கா போட்டோ ஸ்டுடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாயில் வருவது ஒரே வாசகம்தான். "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க. இடது பக்கம். ரொம்பப் போயிட்டீங்க, திரும்ப வாங்க. ஆங், அப்படியே இருங்க." ஊரில் பாதிப் பேர் தலையை நேராக்கியவள் அவள். அப்படிப்பட்டவள் வளர்த்த முயலுக்குத் தலை சாய்ந்துபோனதைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலையில் அது தலையை இடது தோள்மேல் போட்டுக்கொண்டு நின்றது. கொஞ்சுகிறது என்று அக்கா நினைத்தாள். சுளுக்கு என்று நான் நினைத்தேன். ஓர் அடி எடுத்து வைத்ததும், சுருட்டிய பாய் அவிழ்வதுபோல் உருண்டு உருண்டு சுவர் வரைக்கும் போனது. கண்கள் இரண்டும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கண் மாதிரி பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கா அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலில் என் செருப்பும் ஒரு காலில் தன் செருப்புமாக ஓடினாள்.

முயலுக்கென்று எங்கள் பக்கத்தில் தனி டாக்டர் கிடையாது. மாட்டு டாக்டர்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். நரைத்த மீசை, பெரிய கை, அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கையில் முயலை வாங்கி, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"உள்காதுல கோளாறும்மா. நமக்குத்தான் இது உருளுது, அதுக்கு உலகமே உருளுது. பயந்துபோயிருக்கு. மருந்து குடுத்தா கொஞ்சம் கொஞ்சமா நிமிரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நிமிர்ற வரைக்கும் இடத்தை மாத்தாதீங்க. பழகின இடத்துல இருந்தாத்தான் பயம் போகும்."

இதை அவரே, அவர் வாயால் சொன்னார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் அஸ்திவாரம் இந்த வார்த்தைதான்.

நாங்கள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய துண்டுகளைச் சுருட்டி, அது உருளாதபடி இரண்டு பக்கமும் அணை கட்டினோம். ஊசியில்லாத சிரிஞ்சில் தீனியைக் கரைத்து ஊட்டினோம். கீழே சாய்ந்த பக்கத்துக் கண் தரையில் உரசிப் புண்ணாகாமல் சொட்டு மருந்து விட்டது நான். சிமெண்டில் காய்த்துப்போன என் கைக்குள் அது அடங்கி உட்கார்ந்திருந்ததை அக்கா படம் எடுத்து மாட்டியிருக்கிறாள். நான் கொடுமைக்காரன் இல்லை என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

மாட்டு டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்க ஆரம்பித்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் பார்க்கிறது என்று அதற்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவ்வளவு சிரிக்க அதில் ஒன்றுமில்லை. முயலுக்கு மருந்து கொடுக்கக் கால் மணி நேரம் போதும். அவர் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருந்தார். முயலுக்குத் தலை சாய்ந்தது, அக்காவுக்கு மனசு சாய்ந்தது. எனக்கு எதுவும் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவர் நேராகவே கேட்டுவிட்டார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. அக்காவும் கூட வரவேண்டும், கல்யாணத்தைச் சின்னதாக முடித்துக்கொள்ளலாம் என்றார். அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முயலைப் பார்த்தாள்.

"இது தலை நிமிரட்டும். அப்புறம் வர்றேன்."

அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. வர்றேன் என்றாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "நிமிந்துடும். கேள்விக்குறி கூடிய சீக்கிரம் ஆச்சரியக்குறி ஆயிடும்" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் அக்காவைத் தடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். தனியாக இருந்தால் செத்துவிட மாட்டேன். நான் யோசித்தது முயலைப் பற்றி மட்டும்தான். பழகின இடத்தை மாற்றாதே என்று சொன்னவரே அதைப் பெட்டியில் போட்டு வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகத் தயாராகிவிட்டார். காதல் வந்தால் டாக்டருக்கும் படித்த படிப்பு மறந்துவிடுகிறது. அந்த வாயில்லாச் சீவனுக்காக யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டியிருந்தது.

மருந்தில் நான் கை வைக்கவில்லை. வேளை தவறாமல் நானே கொடுத்தேன். சிக்கலே அதனால்தான் வந்தது, முயல் மளமளவென்று தேறிவிட்டது.

அப்போதுதான் அக்கா ஒரு யோசனை சொன்னாள். முயல் அறையில் தரை வழவழவென்று இருக்கிறது, பாவம் கால் வழுக்குகிறது, சொரசொரப்பான கல் ஒட்டித் தாயேன் என்றாள். பாருங்கள், அவளே கேட்டது.

எங்கள் தொழிலில் வாட்டம் என்று ஒன்று உண்டு. குளியலறையில் ஊற்றின தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டுமென்றால் தரை லேசாக ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டும். அடிக்கு ஒரு தீக்குச்சி கனம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். இதைத்தான் வாட்டம் விடுவது என்போம். முயல் அறைக்கு நான் அடிக்கு ஒரு பென்சில் கனம் விட்டேன்.

சரிவில் உட்கார்ந்தால் யாருக்கும் உடம்பு ஒரு பக்கமாகத்தான் போகும். அக்கா முட்டி போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கோணலாத்தாண்டா இருக்கு."

"ஆமாக்கா. லேசா இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. கோணல் இருக்கத்தான் செய்தது. எதில் என்று அவள் கேட்கவில்லை.

மாட்டு டாக்டர் தன் மேஜையில் வைத்துப் பார்த்தால் முயல் நூல் பிடித்த மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்தால் சாய்ந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "உங்களைப் பாத்தா பயத்துல விறைப்பா நிக்குது போல, சார்" என்றேன். அக்காவுக்கும் அது நியாயமாகப் பட்டது. மாற்றலைத் தள்ளிப்போடச் சொல்லி அவர் மேலிடத்துக்கு எழுதினார்.

ஆனால் முயல் என்றால் ஓரிடத்தில் இருக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைவிட்டுத் தாவி வந்து கூடத்தின் நடுவில், அக்கா கண்ணெதிரே, ராணுவக்காரன் மாதிரி நேராக நின்றது. மறுநாளே கூடத்தை உடைத்தேன். கூடம் சரிந்தால் சமையலறை வாசலில் தட்டும், எனவே சமையலறை. பிறகு அக்கா அறை. கதவுகளின் அடிப்பக்கத்தை இழைத்தேன். அக்காவின் கண் ஸ்டுடியோக் கண், ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடும். அதனால் சுவரிலிருந்த படங்கள், கடிகாரம், அலமாரி எல்லாவற்றையும் தரையோடு ஒத்துப்போகிற மாதிரி சாய்த்து வைத்தேன். குமிழி ஓடுமே, மட்டம் பார்க்கிற ரசமட்டம், அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். தற்பெருமை என்று நினைக்காதீர்கள், வீடு முழுக்க ஒரே வாட்டம், ஒரு கல் பிசகு கிடையாது. என் வாழ்நாளிலேயே சிறந்த வேலை அதுதான். யாரையும் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

"தம்பி எனக்காக வீட்டையே இழைச்சு வைக்கிறான்" என்று அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

முயல் சீக்கிரம் பழகிக்கொண்டது. ஒரு பக்கக் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு ஜோராக ஓடியது. அக்காவுக்குத்தான் பழகவில்லை. முதலில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, எந்தப் பக்கம் சரிவு என்று எனக்குத் தெரியுமே.

இதில் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ராத்திரியெல்லாம் இந்த வீட்டில் இருந்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனால், அங்கே நேராக இருக்கிற தரை அவளுக்குக் கோணலாகத் தெரிந்ததாம். அடையாள அட்டை அலுவலகம் ஒரு கட்டுப் படங்களைத் திருப்பி அனுப்பியது. அத்தனை பேரும் கேள்விக்குறி மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி நல்ல மனிதர், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கோம்மா என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "எது நேர்னே எனக்குத் தெரியலடா. இத்தனை வருஷம் பண்ணின வேலை. கண்ணு ஏமாத்துது, காலு ஏமாத்துது."

"படுத்துக்கோக்கா" என்றேன். முயலுக்குச் சுருட்டிய துண்டுகளை நன்றாகத் துவைத்து வைத்திருந்தேன். அவள் உருண்டு விழாமல் இரண்டு பக்கமும் அணை கட்டினேன். கரண்டியால் ஊட்டினேன். கையைப் பிடித்துக் குளியலறை வரை நடத்திக்கொண்டு போனேன். "உனக்குப் பாரமா ஆயிட்டேன்டா" என்றாள். சொல்லக் கூடாதுதான், அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அக்கா ஒரு பக்கம், முயல் ஒரு பக்கம், நடுவில் நான். டாக்டர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, இந்தத் தலைச்சுற்றலோடு எப்படி வருவேன் என்று அக்காவே சொல்லிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

நேற்று அவர் வந்திருந்தார். மாற்றலை இனித் தள்ள முடியாதாம், இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறாராம். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, எட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"வாட்டம் ரொம்ப அதிகமாயிட்டுது."

அக்கா முகத்தைச் சொல்கிறார் என்று வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் தொழில்காரன். என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"அதிகமெல்லாம் இல்ல, சார். அடிக்கு ஒரு பென்சில் கனம்தான்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து உருண்டை மாத்திரை ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். அது மெதுவாகக் கிளம்பி, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் போய், நான் நினைத்த மூலையில் நான் நினைத்த இடத்தில் போய் நின்றது. வழியில் ஓரிடத்திலும் திக்கவில்லை. அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"மச்சான்" என்றார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் முறை வைத்துக் கூப்பிடுகிறார். "நாளைக்கு உங்க அக்காவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. காதுல ஒண்ணும் இல்லன்னு முதல்ல தெரியட்டும். தரையைப் பத்தி உங்க வாயால நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க நினைத்திருந்தால் உங்கள் முன்னால் இப்படி நேராக உட்கார்ந்திருப்பேனா.

காது சுத்தமாக இருக்கிறது என்று அந்தத் தாளில் வந்திருக்கிறதா. சந்தோஷம். வீட்டுத் தரையை உடைத்து மட்டமாக்கினால் அவள் சரியாகிவிடுவாள் என்கிறீர்கள். எனக்கும் தெரியும், செய்ய மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். தரையை உடைத்தால் தூசி, சத்தம், சாமான் எல்லாவற்றையும் தெருவுக்கு எடுக்க வேண்டும். அவளை வேறிடத்தில் தங்க வைக்க வேண்டும். தலை சுற்றிப் படுத்திருப்பவளைப் பழகின இடத்திலிருந்து கிளப்புவது எவ்வளவு கெடுதல் என்று மாட்டு டாக்டரையே கேளுங்கள்.

அவசரப்பட வேண்டாம். அக்கா தலை நிமிரட்டும், டாக்டர் அம்மா. மறுநாளே தரையை உடைத்துவிடுகிறேன்.