மஞ்சள் நூல் கட்டிய கோழிகள்

ஐப்பசி பிறந்தால் கோழிக்கு இறகு உதிரும். அது நோயில்லை. பழைய இறகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது இறகுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். வளர்த்துப் பழகாதவர்கள் பார்த்தால் பயந்துபோவார்கள். என் தங்கை கமலவேணியும் பயந்துதான் போனாள்.

ஸ்டேஷனில் ஏட்டு ராஜவேல் என்னிடம் தாளும் பேனாவும் கொடுத்து, "தீராத வயித்து வலின்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. உங்களுக்கும் அலைச்சல் இருக்காது" என்றார். நல்ல மனிதர். டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் வேணிக்கு வயிற்று வலி வந்ததே இல்லை. நான் தாலுக்கா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிப் பிழைப்பவன். மதகடிப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்: முதலில் யார், அடுத்து எங்கே, அதற்கப்புறம் என்ன நடந்தது. அந்த முறைப்படியே எழுதுகிறேன், ஐயா.

முதலியார்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் நானும் வேணியும் மட்டும் இருந்தோம். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். தங்கையை ஒரு வீட்டில் கொடுக்காமல் அண்ணன் மாலை மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதனால் நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. முன்னால் வந்த வரன்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதனால் அவற்றை இங்கே எழுதவில்லை.

சக்கரபாணி, நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர். தன் அக்காவுக்கு ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தவர், தைத்ததை வாங்கவும் தானே வந்தார், அளவு சரியில்லை என்று மறுபடியும் வந்தார். பிறகு ஒருநாள் நேராக என்னிடமே வந்து பெண் கேட்டார். குடிப்பதில்லை. பேச்சில் மரியாதை இருந்தது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

வேணி அதற்கு முன்பே எங்கள் பச்சைவாழியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். வரன் அமைந்தால், தன் கையால் வளர்த்த மூன்று கோழிகளைத் தாலி ஏறுவதற்கு முன் கோயில் தோப்பில் விடுவதாக. எங்கள் அம்மனுக்குப் பலி கிடையாது. உயிரோடுதான் விட வேண்டும். அங்கேயே மேய்ந்து, வயதாகிச் சாகும். நேர்ந்த அன்றே கோழியின் காலில் மஞ்சள் நூல் கட்டிவிடுவார்கள். கட்டியபின் வேறு கோழியை மாற்றக் கூடாது. விடுகிற கோழி குறையில்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

செவலை, பொட்டு, கருப்பி என்று அவற்றுக்குப் பெயர். மொட்டை மாடியில் இருந்தன. வேணி "பா, பா" என்றால் ஓடி வந்து தையல் மிஷின் மேலேயே ஏறி நிற்கும். பிள்ளையில்லாத வீட்டில் அது ஒரு சத்தம்.

தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்த நேரத்தில்தான் இறகு கொட்டியது. பூசாரி கோவிந்தராசு வந்து பார்த்தார்.

"என்னாம்மா இது, மொட்ட அடிச்சி உட்ட மாதிரி நிக்குதுங்க? இதுங்கள இட்டுகினு வந்தா ஆத்தா சிரிப்பா. மொளைக்கட்டும், அப்பறம் வா."

வேணி என்னைப் பார்த்தாள். "ண்ணா, உனக்குத்தான் பொறும ஜாஸ்தி. நீ பாத்து எதனா செய்யிண்ணா."

செய்தேன். இறகு வெறும் தவிட்டில் முளைக்காது, ஐயா. சத்து வேண்டும். நெத்திலிக் கருவாட்டை உப்புப் போக ஊறவைத்து, வெயிலில் காயவைத்து இடித்துக் கடலைப் பிண்ணாக்கோடு கலந்து வைத்தேன். பேன் போக வேப்பிலைச் சாம்பலை மணலில் கலந்து, புரள்வதற்கு ஒரு தொட்டி. ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கத் தனித்தனிக் கூடை. மார்கழியில் முதுகிலும் கழுத்திலும் முள் முள்ளாகக் குருத்து வந்தது. வேணி கையால் தடவிக்கொடுத்துவிட்டு அழுதாள். "நீ இல்லன்னா என்னா ஆயிருக்கும்ணா" என்றாள். அதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவள் பெட்டியை இறக்கித் துடைத்தாள். புடவைகளை எடுத்து அடுக்கினாள். ஒவ்வொரு புடவையாக அலமாரியிலிருந்து போகப்போக, பலகை தெரிந்தது. அந்தப் பலகையை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவள் மார்க்கெட் போயிருந்தபோது பொட்டுவை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு குருத்தை எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இழுத்தால் கொஞ்சம் பலம் காட்டும், பிறகு வந்துவிடும். கோழி கத்தும் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. அவள் திரும்பி வருவதற்குள் மூன்றையும் முடித்து, ரத்தம் வந்த இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக் கூடையில் விட்டேன். கருவாட்டுத் தூளும் வைத்தேன். அதை ஒருநாளும் நான் குறைத்ததில்லை. நன்றாகச் சாப்பிட்டால்தானே திரும்ப முளைக்கும்.

தை போய்ப் பங்குனி ஆயிற்று. குருத்து வரும், நானும் வருவேன். சக்கரபாணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாடியில் நின்று பார்த்துவிட்டு, "வேணி, பேசாம நீயே ஆளுக்கொரு ஜாக்கெட் தச்சிப் போட்டுடு. பூசாரிக்குக் கண்ணு தெரியாது" என்றார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கருவாட்டுத் தூள் பையை அவர்தான் எனக்குத் தூக்கி வந்து கொடுத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். போகவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. சின்ன வயது டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "புடுங்குன மாதிரி இருக்கே சார். வீட்டுல சின்னப் பசங்க யாருனா இருக்காங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை என்றேன். அது உண்மை. கவலையிலும் கோழி தன் இறகைத் தானே கொத்திக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் வேணியிடம் சொன்னேன்.

வைகாசியில் சக்கரபாணி வேறு வழி சொன்னார். முனிசிபாலிட்டியை அவர் தன் அப்பா மாதிரியே பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேச்சில் மேரி என்பார். "மேரில போயி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுடுவோம். கோழி மொளைக்கிறப்ப மொளைக்கட்டும். அப்பறமா போயி உட்டுட்டு வந்தா ஆத்தா என்னா கோச்சிக்கவா போறா?"

வேணி தலையை ஆட்டினாள். "நேந்துக்கிட்டத செய்யாம தாலி கட்டிக்கினா, உங்களுக்கு எதனா ஒண்ணு ஆயிட்டா நான் என்னா பண்ணுவேன்? ஏற்கெனவே ஒருத்திய வாரிக் குடுத்தவரு நீங்க."

என் முகத்தைப் பார்த்தார்கள் இருவரும். "அவள் சொல்வதும் சரிதானே" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ஐயா. விசாரித்துப் பாருங்கள். ஒரு அண்ணன் தங்கையிடம் போகாதே என்று எப்படிச் சொல்ல முடியும்? அசிங்கமாக இருக்காதா?

ஆடி கழிந்ததும் அவருடைய அக்கா செல்வாம்பாள் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"கோழிக்கு மசுரு மொளைக்கிற வரைக்கும் எந்தம்பி கெழவனாவணுமா? ஆத்தாவே வேணாங்கறா, இன்னமும் புரியலையாடி ஒனக்கு?"

வேணி அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவணியில் சக்கரபாணிக்கு அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் ஆகிவிட்டது. பத்திரிகை வைக்க அவரே வந்தார். வாசலில் நின்றபடி, "கோழிங்க எப்படி இருக்குது?" என்று கேட்டார். வேணி, "அப்படியேதான் இருக்குது" என்றாள்.

அதன்பிறகு மிஷினில் துணி அப்படியே கிடந்தது. ஒருமுறை மட்டும், "நான் ஆத்தாளுக்கு என்னாண்ணா கெடுதல் பண்ணேன்? எங்கிட்டேர்ந்து மூணு கோழியக்கூட வாங்கிக்க மாட்டேங்கறாளே" என்றாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொன்னேன். அப்போது அப்படித்தான் நம்பினேன். வீட்டில் பழையபடி இருவர். அலமாரியில் புடவைகள் திரும்ப வந்துவிட்டன. ஒரு கஷ்டம் வந்தால் ஆறுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். ஆறிவிடும் என்று நினைத்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நிறுத்தவும் நினைத்தேன். இனிமேல் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கை பழகிவிட்டது, ஐயா. குருத்தைத் தொட்டால் கை சும்மா இருக்க மறுத்தது. காரணம் கேட்டால் இந்த இடத்தில் மட்டும் எனக்கு எழுதத் தெரியவில்லை.

போன வாரம், மதியம். அவள் கீழே சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மாடிக்குப் போய்க் கருப்பியை மடியில் வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வேணி படியின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் விரலில் ரத்தம் இருந்தது. வேட்டியில் குருத்துகள் கிடந்தன.

அவள் கத்தவில்லை. கிட்டே வந்து கருப்பியை என் மடியிலிருந்து எடுத்தாள். அதன் முதுகை முந்தானையால் ஒற்றினாள். செவலையை எடுத்துப் பார்த்தாள், பொட்டுவை எடுத்துப் பார்த்தாள். கூடையில் விட்டாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"கை கழுவிட்டு வாண்ணா. சோறு ஆறிடும்" என்றாள்.

இறங்கிப் போனேன். வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். நடுத்துண்டை எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நோணாங்குப்பம் ஆற்றிலிருந்து படகுக்காரர்கள்தான் அவள் உடலைக் கரை சேர்த்தார்கள். சக்கரபாணி அன்றைக்கு வேலைக்கு வரவில்லையாம். அந்த மட்டில் நிம்மதி.

கோழிகளின் குருத்தைப் பிடுங்கியவன் நான். அவள் கல்யாணம் நின்றதற்கு அம்மனும் காரணமில்லை, அந்தக் கோழிகளும் காரணமில்லை, நான்தான். அவள் எதனால் அந்த ஆற்றுக்குப் போனாள் என்பதை மட்டும் என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. என்மேல் கோபத்தில் போனாள் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்திருந்தால் எதிரில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.