வலைக்கு அப்பால் ஒரு முழம்

எனக்கு டென்னிஸ் வராது. ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியது. நான் பின்கையால் அடிப்பது ஒட்டடை அடிப்பதுபோல இருக்கும் என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள். தொப்பை வேறு. பதினோரு வருடமாக வாராவாரம் அத்தானிடம், அதாவது என் அக்காள் கணவரிடம், தோற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் தோளில் தட்டி, "பரவால்ல மாப்ளே, இன்னைக்கு நல்லாத்தான் ஆடினே" என்பார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்காது.

கிளப் பயிற்சியாளர் ஒருநாள் என்மேல் இரக்கப்பட்டார். "சார், நீங்க எல்லைக் கோட்டையே பாத்து அடிக்கிறீங்க, அதான் வெளிய போகுது. கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு இடத்தை மனசுல வெச்சுக்குங்க. எதிர்ல நிக்கிறவருக்கு எது கஷ்டமோ அந்த இடம். அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க."

நாற்பத்தாறு வயதில் எனக்குப் புத்தி வந்தது.

எது கஷ்டம் என்பதை அத்தானே சொல்லியிருந்தார். உடை மாற்றும் அறையில், ஷூ கயிற்றை அவிழ்த்தபடி. "நெஞ்சுல கொஞ்சம் பிரச்சினை மாப்ளே. நின்ன இடத்துல ஆடலாமாம், திடீர்னு ஓடக் கூடாதாம். நீ வலைகிட்ட குட்டைப் பந்து மட்டும் போடாதே. அக்காகிட்ட மூச்சு விடாதே, மட்டையைப் பிடுங்கி வெச்சிடுவா."

கையிலடித்துச் சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். எனக்குத்தான் குட்டைப் பந்து போடவே தெரியாதே.

கற்றுக்கொண்டேன். இரண்டு மாதம், காலையில் அலுவலகம் போகும் முன், தனியாக. வலைக்கு அப்பால் ஒரு முழத்தில் துண்டை விரித்து, கூடை கூடையாகப் பந்து அடித்தேன். முதல் வாரம் பாதிப் பந்து வலையைத் தாண்டவே இல்லை. கடைசியில் பத்துக்கு எட்டு துண்டில் விழுந்தது. பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை. தொப்பை குறைகிறதே என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

அன்று நாலுக்கு நாலு வரை ஒழுங்காகத்தான் ஆடினேன். பிறகு ஒரு குட்டைப் பந்து. ஓடி வந்து எடுத்துவிட்டார். அடுத்ததை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் ஓட வைத்தேன். மறுபடியும் குட்டை.

"கை தவறிடுச்சு அத்தான்" என்றேன்.

"விடு மாப்ளே" என்று சிரித்தார். நம்பிவிட்டார்.

ஐந்துக்கு நாலு, என் பக்கம். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் எனக்கு. அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நின்றார். நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆமாம் என்று சொன்னால் அவருக்கே கேவலமாக இருக்கும்படியான குரலில் கேட்டேன்.

"போடு" என்றார்.

அவர் திருப்பி அடித்த பந்து சாவகாசமாக என்னிடம் வந்தது. எங்கே அடித்தாலும் எனக்குப் புள்ளி கிடைத்திருக்கும். நான் முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன்.

வலையருகே விழுந்தார். நான் முதலில் பார்த்தது பந்தைத்தான், இரண்டு முறை குதித்ததா என்று. குதித்தது, புள்ளி எனக்கு. அப்புறம்தான் "அத்தான்" என்று கத்தினேன்.

"நீயாவது பக்கத்துல இருந்தியேடா" என்று அக்காள் என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். நடிப்பில்லை, எனக்கு அத்தானை ரொம்பப் பிடிக்கும்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கிளப் பலகையில் ஆட்டம் பாதியில் நின்றதாகப் போட்டிருக்கிறார்கள். ஆறுக்கு நாலு, ஐயா. அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.