உறுப்பினர் விலை

எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையில் சமையல் எண்ணெய் எப்போதும் வெளிக்கடையைவிட மலிவு, சார். உங்கள் வீட்டில் யாரும் உறுப்பினர் இல்லையென்றால் சேர்ந்துவிடுங்கள். சந்தா பெரிய தொகையில்லை. வாங்குவதற்கு ஏற்ப வருடக் கடைசியில் தள்ளுபடியாக ஒரு பங்கு கைக்குத் திரும்பி வரும்.

சந்தா கட்டாதவன் அந்த விலையில் வாங்கினால், கட்டியவன் பையில் கையை விடுகிறான் என்று அர்த்தம். மேனேஜரான நாளிலிருந்து வாய் வலிக்க இதைத்தான் சொல்லிவந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியின் உறுப்பினர் அட்டையைக் கொண்டுவந்தபோது, அவள் தள்ளுவண்டியிலிருந்த பால்மாவை நானே எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தேன். அழுதாள். பரிதாபத்துக்கென்று தனி விலை கிடையாது.

என் தம்பி சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினான். அப்பா ஆயுள் உறுப்பினர். அவர் இறந்த பிறகும் தம்பி அவர் அட்டையிலேயே சாமான் வாங்கினான், தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டான். உன் பெயரில் ஒன்று எடுடா என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

“அப்பா அட்டைதானேண்ணே. அவரு என்ன வேண்டாம்னா சொல்லப்போறாரு?” என்று சிரிப்பான்.

அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சிரிப்புதான் பிடிக்கும்.

அட்டையை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மறுபடி செல்லுபடியாக்கினேன்.

விஷயம் வெளியே கசிந்தது. நிர்வாகக் குழுவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் இருக்கும்போது கேட்டார்: “ஊருக்கெல்லாம் சட்டம் பேசுறீங்க. உங்க வீட்டுல மட்டும் செத்தவங்க கடைக்கு வர்றாங்களாமே?”

குழு முழுவதும் சிரித்தது. டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. உறுப்பினர்கள் மாடிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். தம்பி வேனைப் பின்வாசலில் நிறுத்தி, போனை அதிலேயே போட்டுவிட்டு வந்தான்.

“அண்ணே, ரெண்டே மூட்டை உறைஞ்ச பட்டாணி. நாளைக்குப் பெரிய ஆர்டர் இருக்கு. அப்பா கணக்குல போட்டுக்கோ.”

“உள்ள போய் எடுத்துக்கோ. கடைசி அடுக்குல இருக்கும்,” என்றேன்.

உறைபனி அறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்துபோய் வெகுநாளாகிறது. ஆட்கள் உள்ளே போனால் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வார்கள். ரிப்பேரைத் தள்ளிப்போட்டவன் நான்தான். அப்படி மிச்சம் பிடித்துத்தான் தள்ளுபடியை ஏற்றிக்காட்ட முடிந்தது. தம்பிக்கு இது தெரியாது; கதவைத் திறந்து கட்டையை நானே வைத்துக்கொடுத்தேன். அரைக்கைச் சட்டையோடு விசிலடித்துக்கொண்டே போனான். கடைசி அடுக்கை அவன் எட்டியதும் கட்டையைக் காலால் தள்ளினேன். அந்தக் கதவு கனமானது, தானாகவே மூடிக்கொள்ளும்.

தட்டும் சத்தம் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. அறைக்கு நேர் மேலேதான் கூட்ட அரங்கு. எதையோ எடுத்துக் கதவில் அடித்திருக்கிறான். வாத்தியார் தலையைச் சாய்த்து, “கீழே என்ன சத்தம்?” என்றார்.

“கம்ப்ரசர் சார். அதுக்கும் வயசாச்சு, உங்களை மாதிரி.”

அரங்கம் சிரித்தது. இந்தத் தடவை என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். பிறகு தள்ளுபடியை அறிவித்தேன். இதுவரை இல்லாத உயர்வு. வெகுநேரம் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்தபோது கீழேயும் ஓய்ந்திருந்தது.

விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். “அவரு அங்க வந்தாரா மாமா? போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு.”

“வரலியேம்மா. எங்கயாவது அரட்டை அடிச்சிட்டிருப்பான்,” என்றேன்.

திங்கட்கிழமை காலையில் சரக்கு இறக்க வந்த டிரைவர்தான் பார்த்தார். கதவோரம் பட்டாணி மூட்டைகளை அடுக்கி அவற்றுக்கு நடுவே குறுகி உட்கார்ந்திருந்தான். உங்கள் ஆட்களும் வந்து பார்த்தார்கள். கைப்பிடி உடைந்திருக்கிறது, அறைக்குள் தனியாகப் போயிருக்கிறான், விபத்து என்று முடித்தார்கள். நான் மறுக்கவில்லை. எவரும் என்னைக் கேட்கவும் இல்லை.

நேற்று குழு கூடியது. எங்கள் வளாகத்தில் விபத்தில் இறப்பவர் குடும்பத்துக்கு, உறுப்பினரோ இல்லையோ, நிவாரணம் உண்டு. அந்த விதியை நான் ஆரம்பத்திலேயே எதிர்த்தேன். தம்பி மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொடுத்துடலாம்ப்பா,” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த வருடத் தள்ளுபடியில் பாதி அதிலேயே போய்விடும். ஒரு நாளும் சந்தா கட்டாதவனுக்கு.

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். விதிப்படி அந்தப் பணம் விபத்துக்கு மட்டும்தான். அதனால்தான் காலையில் முதல் வேலையாக இங்கே வந்தேன். வேண்டுமென்றே மூடினேன், சத்தம் கேட்டும் திறக்கவில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதியைக் குழுவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மற்றபடி, தம்பி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, சார்.