இரண்டாவது சர்வரில் ஒரு வரி

எனக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் வீட்டில் அது நடக்காது, ஆபீஸில் நடக்கும். கம்பெனி விசாரணை என்று கேட்கிறீர்கள், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் தொடாத கம்ப்யூட்டர் கிடையாது. நான் தும்மினால் வடலூர் வரைக்கும் நாலு சர்வர் எழுந்து நிற்கும். கடைசியாக வேலை பார்த்தது ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில். வருகிற அழைப்புகளை வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஜாவாவில் ஒரு புரோகிராம். அதை ஓட்ட இரண்டு சர்வர்கள். ஒரே நாளில் வந்திறங்கிய இரட்டைப் பிள்ளைகள்.

ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக, இரண்டாவது சர்வரில் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு வரி சேர்த்தேன். அதன் நினைவகம் கால்வாசியாகக் குறைந்தது. கேன்டீனை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை குறைந்தால் எச்சில் இலை எடுப்பதிலேயே பொழுது போகும். எடுத்து முடிக்கும்வரை பரிமாற முடியாது. ஜாவாவும் அப்படித்தான். பயன்படுத்தி முடித்த தகவல்களைக் குப்பையாக அள்ளும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

“ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதாங்க சார். இது மட்டும் எந்நேரமும் குப்பை அள்ளிக்கினே கெடக்குது” என்றாள் ஜெயசெல்வி. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. நான் தாடையைத் தடவினேன். மூன்று வாரம் தடவினேன். தினம் இரண்டு டீ.

கடைசியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு சர்வரும் கிளம்பும்போது எழுதுகிற குறிப்புகளை அச்செடுத்து, அடிக்கோல் வைத்து வரிவரியாக ஒப்பிட்டிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

“இந்த வரி ஏறுனது நீங்க ரிட்டையர் ஆன அன்னிக்குங்க சார்.”

“ஆமாம்மா. வெள்ளிக்கிழமை நானே எடுத்துடறேன். நீ கை வைக்காத, யார்கிட்டயும் சொல்லாத.”

“உங்க பேரு கெட்டுறக் கூடாதுங்க” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை கொளஞ்சியப்பனுக்கு நெஞ்சுவலி. முப்பது வருடம் எனக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். அவன் மனைவி செங்கமலம் போன் செய்தது இரண்டாவது சர்வருக்குப் போயிற்று. பதினொரு நிமிடம் அது குப்பை அள்ளிக்கொண்டிருந்தது. வண்டி இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருந்தது.

பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். கனமாக இருந்தான். இதை நான் மிகைப்படுத்தவில்லை.

சர்வர் அவள் பொறுப்பு என்று ஜெயசெல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போதுகூட என் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வரியை எழுதியவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வெள்ளிக்கிழமை சாவு வீட்டில் இருந்துவிட்டதால் அதை எடுக்க முடியவில்லை; இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள், நுணுக்கமான வேலை. நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு நானே வருகிறேன். டீ மட்டும் சொல்லிவையுங்கள்.