விரலை விட்டு இறங்காத மோதிரம்

விரல் வீங்கியிருந்தால் மோதிரத்தை இழுக்கக் கூடாது, சார். சோப்புத் தண்ணீர் தடவி மெதுவாகத் திருக வேண்டும். நடிகை அம்மாவிடம் பத்தொன்பது வருடம் உடை உதவியாளராக இருந்தவள் நான். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் விரலில் இருக்கும் இதைத் திருடினாயா என்று கேட்கிறீர்கள். நகைப்பெட்டியின் சாவியே என் இடுப்பில்தான் இருந்தது. அட்டிகை, வளையல், வைரத்தோடு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அம்மாவின் இந்தக் கல்யாண மோதிரத்தின் கதை வேறு. படத்தில் அவருக்குக் கன்னி வேடம் என்றால் மோதிரம் தெரியக் கூடாது. மேசையில் வைத்தால் உருண்டுவிடும், பையில் போட்டால் மறந்துவிடும். அதனால் படப்பிடிப்பு முடியும்வரை என் விரலில் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். காலையில் போட்டால் இருட்டித்தான் கழற்றுவேன். என்மேல் ஆசைப்பட்ட ஒரு லைட்மேன் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமானவள் போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அவருக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவருடைய நகைகளைக் கண்காட்சியில் வைக்கப் போவதை ஒட்டி, தொலைக்காட்சிக்காரர்கள் படப்பிடிப்புக்கே பேட்டி எடுக்க வந்தார்கள். கேமராவுக்கு முன்னால் விரலை நீட்டி, "கல்யாணமான நாள்லேருந்து இது என் விரலை விட்டு இறங்கினதே இல்ல," என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. ஐந்து நிமிடம் முன்னால்தான் என் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் போன பிறகு ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். என் விரலில் பதிந்திருந்த தழும்பையும் காட்டினேன்.

"உன் விரல் எனக்கு ஆணி மாதிரிடி. சட்டையை மாட்டிவெச்ச ஆணி, சட்டையில பங்கு கேக்குமா?"

சொல்லிவிட்டு மறுபடியும் அதே சிரிப்பு. சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் இழுப்பாக மாறியது. அவருக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் எப்போதும் என் இடுப்புப் பையில்தான் இருக்கும். கையை நீட்டினார். நான் எடுத்தேன், சார். எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மோதிரத்தை யாரு போட்டிருந்தா? அதை மட்டும் சொல்லுங்கம்மா, தர்றேன்," என்றேன்.

அதில் என்ன தப்பு? பத்தொன்பது வருடத்துக்கு ஒரு வார்த்தை கேட்டேன். முதலில் என் புடவையைப் பிடித்து இழுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். உதடு நீலம் பாய்ந்த பிறகுதான், "நீதான்... நீதான்," என்று வந்தது.

வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனசிலிருந்து வரவில்லை. கடனே என்று சொன்னார். ஊரையே அழவைக்கிற நடிகை, எனக்கென்றால் மட்டும் ஒப்புக்கு ஒரு வசனமா? சரியாகச் சொல்லுங்கள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். மறுபடியும் கேட்டேன். பிறகும் கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு திமிர், சார்.